"என் டைப் யாரு?" 200 வருஷத்துக்கு முன்னாடி டைரி எழுதியே அதைக் கண்டுபிடிச்ச பெண்ணும், மெட்ராஸில் பிறந்த அவங்க முதல் காதலியும்

1/
இன்னைக்கு டெங்கு, சுகர், பிரஷர் எதுவும் இல்லை. ஒரு வரலாறு. கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க.

"எனக்கு எப்படிப்பட்ட ஆளைப் பிடிக்கும்?" இந்தக் கேள்விக்கு ஆண்-பெண் காதலில் விடை தேட ஆயிரம் சினிமா இருக்கு, பாட்டு இருக்கு, கேலி பண்ண நண்பர்கள் இருக்காங்க. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு? இன்னைக்கே வழிகாட்ட ஆள் குறைவு. 1800-களில் யோசிச்சுப் பாருங்க.

2/
அவங்க பெயர் ஆன் லிஸ்டர். பிறப்பு 1791. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாலிஃபாக்ஸ் பக்கத்துல இருக்கிற ஷிப்டன் ஹால் என்ற பண்ணை வீட்டின் வாரிசு.

வாழ்நாள் முழுக்க டைரி எழுதினாங்க. மொத்தம் சுமார் 50 லட்சம் வார்த்தைகள். அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ரகசியக் குறியீட்டில். கிரேக்க எழுத்து, கணக்குக் குறி, இன்னும் சில அடையாளங்கள் எல்லாம் கலந்து அவங்களே உருவாக்கின எழுத்து. காதல் முழுக்க அந்தக் குறியீட்டுக்குள்ளதான் இருந்துச்சு.

3/
இப்போ நம்ம ஊர் சம்பந்தம் வருது.

1805 வாக்கில் யார்க் நகரத்துப் பள்ளியில் ஆன் லிஸ்டரோட ஒரே மாடி அறையில் தங்கியவர் எலைசா ரெயின். பிறந்தது மெட்ராஸில். அப்பா வில்லியம் ரெயின், கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை சிகிச்சை மருத்துவர். அம்மா ஒரு இந்தியப் பெண். அப்பா 1800-ல் இறந்துட்டார். அவரோட மெட்ராஸில் வேலை பார்த்த இன்னொரு மருத்துவரான வில்லியம் டஃபின்தான் யார்க்கில் காப்பாளர்.

ரெண்டு பேருக்கும் பதின்ம வயசு. காதல் வந்துச்சு. டைரியின் முதல் பதிவே எலைசா ஊருக்குக் கிளம்பிப் போனதைப் பத்தினதுதான்.

4/
எலைசாவுக்கு இது விளையாட்டு இல்லை. ஆன் லிஸ்டரைத் தன் கணவராவே நினைச்சாங்க. தனக்கு வரவேண்டிய சொத்து கைக்கு வந்ததும் ரெண்டு பேரும் ஒண்ணா வாழலாம்னு கனவு. அப்பா விட்டுட்டுப் போனது 4000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு நல்ல தொகை.

ஆனா ஆன் லிஸ்டர் அப்போதான் தன்னைத் தேட ஆரம்பிச்சிருந்தாங்க. அடுத்து இசபெல்லா நார்க்ளிஃப் வந்தாங்க. அவங்க மூலமா மரியானா பெல்கோம் அறிமுகம். 1814-ல் எலைசா மனநலக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டாங்க. இதைப் பத்தி கடைசியில் பேசுறேன். மறந்துடாதீங்க.

5/
மருத்துவரா எனக்கு அந்த டைரியைப் பார்த்தா கேஸ் ஷீட் ஞாபகம்தான் வருது. யாரைப் பார்த்தேன், என்ன பேசினோம், மனசு என்ன சொல்லுச்சு, எல்லாம் தினமும் பதிவு. அதுக்கு அட்டவணை வேற. பழைய பக்கங்களைத் திரும்பப் படிச்சு தன்னையே ஆராய்ச்சி பண்ணாங்க.

1821-ல் எழுதுறாங்க: நான் பெண்களை மட்டுமே நேசிக்கிறேன், வேற எந்தக் காதலையும் என் மனசு ஏத்துக்காது. சந்தேகமே இல்லாத தெளிவு. இந்தத் தெளிவைத் தர அவங்களுக்கு ஒரு குழுவோ, ஒரு நல்ல சொல்லோ கூட கிடையாது. லத்தீன் கவிஞர்களையும் ரூசோவையும் படிச்சுத்தான் தன்னை மாதிரி ஆட்கள் இருக்காங்களான்னு தேடினாங்க.

6/
"பெண்கள் மேல ஈர்ப்பு" என்பது தெரிஞ்சாச்சு. எந்த மாதிரிப் பெண்?

1823-ல் ஹாலிஃபாக்ஸுக்கு மிஸ் பிக்ஃபோர்ட் என்று ஒருத்தர் வந்தாங்க. நல்ல படிப்பு. நடை உடையில் ஆண்மைச் சாயல். அவங்களும் பெண்ணை நேசிப்பவர் என்பது பேச்சுவாக்கில் ஆன் லிஸ்டருக்குப் புரிஞ்சுபோச்சு. தன்னைப் போலவே ஒருத்தர்! காதல் வந்திருக்கணுமே?

வரலை. அறிவு பிடிச்சிருந்தது, பேச்சு பிடிச்சிருந்தது, ஈர்ப்பு மட்டும் இல்லை. தனக்கு வேண்டியது மென்மையான, பெண்மை நிறைந்த துணைதான்னு அப்போ இன்னும் உறுதியாச்சு. இதைக் கவனிங்க. "நம்மள மாதிரியே இருக்கிற ஒருத்தர்" என்பதாலேயே அவர் நமக்கான ஆள் ஆகிட மாட்டார். நட்பு வேற, ஈர்ப்பு வேற.

7/
அந்த அளவுகோலில் மரியானா நூத்துக்கு நூறு. ஆனா 1816-ல் மரியானா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. மாப்பிள்ளை சார்லஸ் லாட்டன், வயசுல மூத்தவர், வசதியானவர். அந்தக் காலத்தில் தனிச் சொத்து இல்லாத பெண்ணுக்கு வேற வழி ரொம்பக் கம்மி. காதல் ரகசியமா தொடர்ந்துச்சு.

1823 ஆகஸ்ட். மரியானா குதிரை வண்டியில் வர்றாங்கன்னு தெரிஞ்சு, மலைப்பாதையில் மைல் கணக்கா நடந்தே எதிர்கொண்டு போறாங்க ஆன் லிஸ்டர். வேர்த்து விறுவிறுத்து, ஆண் மாதிரி தாவி வண்டியில் ஏறினதும் மரியானா முகம் மாறிடுச்சு. கூட இருந்தவங்க முன்னாடி வெட்கம். அந்தக் காயம் பல வருஷம் ஆறலை. டைரியில் திரும்பத் திரும்ப வருது.

தோற்றம், குணம், பேச்சு எல்லாம் நம்ம டைப்பா இருக்கலாம். நம்மோட நாலு பேர் முன்னாடி நிக்க வெட்கப்படுறவங்க நமக்குத் துணையா இருக்க முடியுமா?

8/
இடையில் ஒரு மருத்துவப் பாடம். மரியானாவுக்குக் கணவர் வழியா வந்த பால்வினைத் தொற்று, ஆன் லிஸ்டருக்கும் வந்ததாத்தான் டைரி காட்டுது. பாதரச மருந்தெல்லாம் சாப்பிட்டாங்க. பாரிஸில் டூபுய்ட்ரென் என்ற பெரிய சர்ஜனைப் பார்த்தாங்க. விரல் மடங்கிப் போற நோய்க்கு இன்னைக்கும் நாங்க சொல்ற பேரு அவருடையதுதான்.

நோய் எப்படி வந்துச்சுன்னு மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல அவங்களுக்கு வழியே இல்லை. கல்யாணமான தோழி பயன்படுத்திய கழிப்பறையிலிருந்து வந்திருக்கலாம்னு ஒரு கதை சொல்ல வேண்டியதாச்சு.

இன்றைய தகவல்: பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பால்வினைத் தொற்று பரவும், ஹெச்பிவி உட்பட. "எனக்கு ஆண் தொடர்பே இல்லை" என்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்காதீங்க. 30 வயசுக்கு மேல அரசு மருத்துவமனையில் இலவசம்.

9/
பிறகு பாரிஸில் மரியா பார்லோ. அப்புறம் மேல்தட்டுக் குடும்பத்து வீர் ஹோபார்ட். அவங்களும் 1832-ல் ஒரு ஆணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

நாற்பது வயசைத் தாண்டின ஆன் லிஸ்டர் இப்போ கேள்வியையே மாத்திக்கிறாங்க. யாரைப் பார்த்தா மனசு துடிக்குது என்பதோட, யார் என் கூட நிப்பாங்க என்பதும் சேருது. பக்கத்து எஸ்டேட் வாரிசு ஆன் வாக்கர், 12 வயசு இளையவர், கூச்ச சுபாவம், சொந்தமா சொத்து உண்டு. ரெண்டு பேரும் மோதிரம் மாத்திக்கிட்டு, 1834 மார்ச் 30, ஈஸ்டர் அன்னைக்கு யார்க் நகரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் சேர்ந்து நற்கருணை வாங்கினாங்க. அவங்க பார்வையில் அதுதான் கல்யாணம்.

10/
இதை அழகான முடிவுன்னு சொல்ல மாட்டேன். ஆன் லிஸ்டர் கணக்குப் பார்க்கிற ஆள். வாக்கரின் பணம் ஷிப்டன் ஹாலுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் உதவும்னு தெரிஞ்சேதான் நெருங்கினாங்க. வீட்டுக்குள்ள சண்டையும் கண்ணீரும் நிறைய. ஆனா அந்த ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ, ஊரறிய வாழ்ந்தாங்க.

1840 செப்டம்பர் 22. இப்போ ஜார்ஜியா நாட்டில் இருக்கிற குடைசி நகரத்தில், பயணத்தின் நடுவில் காய்ச்சலில் ஆன் லிஸ்டர் இறந்தாங்க. வயசு 49. அந்தக் கூச்ச சுபாவப் பெண்தான் மாதக்கணக்கில் பயணம் பண்ணி உடலை ஹாலிஃபாக்ஸ் கொண்டுவந்து சேர்த்தாங்க.

11/
இப்போ எலைசா.

1814-ல் உள்ளே போனவங்க, 1860-ல் சாகுற வரைக்கும் சுதந்திரமா வாழலை. 46 வருஷம். அவங்க சிகிச்சை மரியானாவின் குடும்பத்தைச் சேர்ந்த பெல்கோம் மருத்துவர்கள் கையில் இருந்துச்சு. 1843-ல் ஆன் வாக்கரையும் மனநலம் சரியில்லைன்னு கூட்டிட்டுப் போய் அதே குடும்ப மருத்துவர் பொறுப்பில்தான் விட்டாங்க.

அவங்களுக்கு உண்மையிலேயே மனநோய் இருந்திருக்கலாம். 200 வருஷம் தள்ளி உட்கார்ந்து நான் டயக்னோசிஸ் எழுத மாட்டேன். ஆனா ஒருத்தருக்குத் தன்னைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கில் நேரமும் வீடும் இருந்துச்சு. மெட்ராஸில் பிறந்து, அப்பா இல்லாம, கலப்பினப் பெண்ணா யார்க்கில் தனியா நின்னவங்களுக்கு அது எதுவும் இல்லை. நம்மளை நாமே கண்டுபிடிக்கும் பயணத்தில் எதிரே நிக்கிறவங்களும் ஒரு மனுஷிதான்.

12/
குறியீட்டை 1890-களில் உடைச்சாங்க. உடைச்ச ரெண்டு பேரில் ஒருத்தர், எல்லாத்தையும் எரிச்சிடலாம்னு சொன்னார். இன்னொருத்தர், அதே குடும்பத்து ஜான் லிஸ்டர், எரிக்காம மறைச்சு வெச்சார். 1988-ல் ஹெலினா விட்பிரெட் அந்தப் பகுதிகளைப் புத்தகமா வெளியிட்டாங்க. 2011-ல் யுனெஸ்கோவின் பிரிட்டன் பதிவேட்டில் டைரி சேர்ந்தது.

நம்ம பக்கம்: 1990-ல் உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் "மாற்றும் சிகிச்சை"க்குத் தடை போட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சது.

13/
அதனால படிக்கிற தங்கச்சிங்களுக்கு: உங்க டைப் யாருன்னு தெரிய நேரம் எடுக்கும். எடுத்துக்கோங்க. எழுதிப் பாருங்க.

பெற்றோருக்கு: "மாத்திக் குடுங்க டாக்டர்"னு யாரிடமும் கூட்டிட்டுப் போகாதீங்க. நோய் இல்லாத இடத்துல மருந்து கிடையாது. மாத்துறேன்னு காசு வாங்குறவங்க உங்களை ஏமாத்துறாங்க. பொண்ணு சாப்பிடலை, தூங்கலை, அழுதுக்கிட்டே இருக்குன்னா அதுக்குக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு நாங்க இருக்கோம்.