தளர்த்துவதும் நிரப்புவதும்: முகச்சுருக்க ஊசிகள் பற்றி வாவிக்கரையிலிருந்து ஒரு வாதம்

முகச்சுருக்கங்களுக்குப் போடப்படும் இரு வகை ஊசிகளான பொட்டுலினம் நச்சையும் நிரப்பூசியையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எது அதிக காலம் நிற்கிறது, இரண்டையும் சேர்த்தால் இன்னும் எவ்வளவு நிற்கும்? கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதைக் கேட்பவர்கள் பெருநகரங்களில் இருப்பவர்கள். பெரிய வைத்தியசாலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள குருக்கள்மடத்திலிருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. இவ்விரண்டையும் முகத்தின் எந்தப் பகுதியில், எந்த வரிசையில் சேர்ப்பது என்பதைப் பலன் நிற்கும் காலம் தீர்மானிப்பதைவிட, தவறு நேர்ந்தால் அதைத் திருத்தக் கிடைக்கும் நேரமே தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊசி வழியே செல்பவை என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. பொட்டுலினம் நச்சு நரம்பு முனையிலுள்ள ஸ்னாப்-25 என்ற புரதத்தை வெட்டுகிறது. தசைக்குச் சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் வெளிவராமல் நின்றுபோக, தசை சுருங்க மறுக்கிறது. சில நாட்களில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். இந்த நச்சின் வணிக வடிவங்களில் ஒன்றான பொடொக்ஸ் போத்தலைக் கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். மருந்து அடியில் கண்ணுக்குப் படாத படலமாக ஒட்டியிருக்கும். வெற்றிடமாக்கி மூடிய போத்தல் என்பதால், ஊசியைச் செருகியவுடன் அது உப்புநீரைத் தானே உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை என்றால் அந்தப் போத்தலை வீச வேண்டும். பில்லர் எனப்படும் நிரப்பூசியோ கண்ணாடிபோல் தெளிந்த களி. பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றர் சிறிஞ்சில் வருகிறது. இன்று அதிகம் பயன்படுவது குறுக்குப் பிணைப்பேற்றிய ஹயலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்த அதே பொருள்தான். அது தசையைத் தொடுவதில்லை. இழந்த பருமனை நிரப்பித் தோலைத் தாங்குகிறது. முகம் அசையும்போது மட்டும் விழும் கோட்டுக்கு முதலாவதும், அசையாதபோதும் நிற்கும் பள்ளத்துக்கு இரண்டாவதும் என்பது பாடநூல் பிரிவினை.

அந்தப் பிரிவினையை வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் முகங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே வாவியைக் கடக்கும், 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் காலையில் ஏறுபவர்களைக் கவனித்தால், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குப் புருவத்தை நெரித்து, கடைக்கண்ணைச் சுருக்கிக்கொண்டே கரை சேருவதைக் காணலாம். மேற்கே படுவான்கரை வயலுக்குப் போகிறவருக்கும் வாவியில் வலை வீசுகிறவருக்கும் அந்த நெரிப்பு கண்ணுக்கு நிழல் தரும் ஏற்பாடு. அதைத் தளர்த்திவிட்டு வெயிலில் அனுப்புவது சிகிச்சையா என்பது எனக்குச் சந்தேகம்தான். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அந்த இடத்தில் மருந்தைவிட நேர்மையான பரிந்துரைகள். இன்னொன்று, கருமை கூடிய தோலில் மெலனின் ஓரளவு காப்பளிப்பதால் நுண்சுருக்கங்கள் வெள்ளைத் தோலைவிடப் பிந்தியே வருகின்றன. எங்கள் முகங்களில் வயது முதலில் காட்டுவது கன்னத்தின் நடுப்பகுதி வற்றுவதையும் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதையும்தான். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்துக்கு நிரப்பூசி கேட்டு வருபவர்களில் பலருக்கு அங்கே இருப்பது பள்ளமல்ல, நிறமி. நிறமியைக் களியால் நிரப்ப முடியாது. மாறாக, ஊசி பல தடவை குத்திய இடங்களில் அழற்சிக்குப் பிந்திய கருமை படர்வது இந்தத் தோலுக்கே உரிய வில்லங்கம். ஆகவே மேற்கின் பாடநூல் வரைபடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது.

சேர்க்கைக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2003இல் ஜீன் கருதர்ஸ், அலஸ்டெயர் கருதர்ஸ் தம்பதியர் வெளியிட்டது. 1987இல் வன்கூவரில், கண்ணிமைத் துடிப்புக்கு நச்சு ஊசி பெற்ற ஒரு நோயாளியின் புருவ நடுக்கோடு மறைந்ததைக் கவனித்துப் பின்தொடர்ந்தவர்கள் இவர்கள்தான். ஜீன் கண் வைத்தியர், அலஸ்டெயர் தோல் வைத்தியர். 1992இல் அதைக் கட்டுரையாக்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2002இல், அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் புருவ நடுக்கோட்டுக்கு அனுமதி கொடுத்தது. 2003 ஆய்வில் புருவ நடுவில் ஆழமான கோடுள்ள 38 பெண்கள் கலந்துகொண்டனர். களி மட்டும் பெற்றவர்களுக்குப் பழைய கோடு திரும்ப எடுத்த இடைநிலைக் காலம் 18 வாரம். களியோடு நச்சும் பெற்றவர்களுக்கு 32 வாரம். தசை ஓய்ந்திருக்கும்போது களி கசங்குவது குறைவு என்ற விளக்கம் ஏற்கத்தக்கதே.

ஆனால் அந்த ஆய்வு நடந்த இடம் புருவ நடு. நிரப்பூசிகளால் பார்வை பறிபோன சம்பவங்களை உலக இலக்கியம் முழுவதும் தேடித் தொகுத்த பெலஸ்னே குழுவினரின் 2015 ஆய்வில் 98 பேர் இடம்பெற்றனர். அவர்களில் ஏறத்தாழ 39 சதவீதத்தினருக்கு ஊசி ஏறிய இடம் அதே புருவ நடுதான், அடுத்தது மூக்கு. அந்தக் குழுவிலும் ஜீன் கருதர்ஸ் ஒருவர். இவை பதிவான சம்பவங்களுக்குள் உள்ள விகிதங்களே அன்றி, ஊசி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு நேரும் என்ற கணக்கல்ல. அந்த 98 பேரில் பலருக்கு ஏறியது சொந்தக் கொழுப்பே தவிர ஹயலூரோனிக் அமிலம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் சேர்க்கையின் சிறந்த சான்று மிக ஆபத்தான இடத்திலிருந்து வந்திருக்கிறது என்ற உண்மை அப்படியே நிற்கிறது. புருவ நடுவின் சிறு நாடிகள் கண்நாடியோடு தொடர்புடையவை. ஊசி முனை நாடிக்குள் போய், அழுத்தம் கூடினால் களி பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரையின் இரத்த ஓட்டத்தை அடைக்கும். 18ஐ 32 ஆக்கும் 14 வாரத்துக்காக அந்த வழியில் ஊசி ஏற்றுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்புத்தான். ஹயலூரோனிக் களியை ஹயலூரோனிடேஸ் நொதியத்தால் கரைக்கலாம், நச்சுக்கோ அப்படி மாற்று இல்லை; அப்படியானால் தூர ஊருக்கு ஏற்றது நிரப்பூசியல்லவா? தாளில் அது சரி. ஆனால் மீட்கத்தக்கது என்ற அந்தக் குணம் களியிலேயே இல்லை. நொதியம் இருக்கும் அலுமாரியிலும், அதைப் போடத் தெரிந்த கையிலும், நாடி அடைபட்டதிலிருந்து ஓடும் கடிகாரத்திலும் இருக்கிறது. கிளோடியோ டிலொரென்சி 2017இல் முன்வைத்த முறைப்படி, இரத்தம் திரும்பும்வரை நொதியத்தைப் பெரிய அளவில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போட வேண்டும். விழித்திரைக்கு அவ்வளவு அவகாசமும் இல்லை: சோஹன் சிங் ஹேரே குரங்குகளில் செய்த ஆய்வுகளில் அது ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமே தாங்கியது, 240 நிமிடத்தில் சேதம் மீட்க முடியாததாகிவிட்டது. எதிர்ப்பக்கம் பாருங்கள். நச்சு தவறான தசைக்குப் பரவினால் இமை தொங்கும், புன்னகை கோணும். அவமானம்தான், வேலைக்குப் போகவும் கூச்சமாக இருக்கும். ஆனால் வாரங்களில் தானாகவே தீரும். நச்சின் தவறுக்கு மாற்று இல்லை, காலம் உண்டு. களியின் தவறுக்கு மாற்று உண்டு, காலம் இல்லை. கொழும்பில் காலையில் நிரப்பூசி போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழித்தூரமாக நீளுகிறது. களியில் கலந்திருக்கும் மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் முதல் வலியை மறைத்துவிடவும் கூடும். தோல் வெளிறி, பின் வலைபோல் நீலம் படரும்போது அவர் எங்கேயோ பாதி வழியில் இருப்பார்.

நச்சின் பக்கம் நான் சாய்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: போத்தல் உண்மையானதாக இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பேர் போலியான அல்லது முறைகேடாகக் கையாளப்பட்ட ஊசிகளால் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் வைத்தியசாலையில் சேர்ந்தார்கள். 2025 கோடையில் இங்கிலாந்தில் சில வாரங்களுக்குள் 38 பேருக்கு ஊசிவழிப் பொட்டுலிசம் பதிவானது. ஒழுங்குமுறை நன்றாக ஓடும் நாடுகளின் நிலைமை இது. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பொறுப்பு. வெளிநாட்டுச் சொந்தங்களின் பயணப் பெட்டியில் வரும் போத்தல் அந்தப் பதிவுக்குள் வராது. நச்சை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும் என்பதைப் பயணப் பெட்டி அறியாது. ஒரு கம்பனியின் அலகு மற்றதன் அலகல்ல என்பதையும் பலர் அறியார்கள்: புருவ நடுவுக்குப் பொடொக்ஸில் 20 அலகு என்றால் டிஸ்போர்ட்டில் 50.

மட்டக்களப்புக்கு இதெல்லாம் எதற்கு, இது பணக்காரர் ஆசையல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை இருந்த மாவட்டம் இது. புருவம் உதிர்ந்து, மூக்குப் பாலம் தணிந்து, இமை மூடாமல் போன முகங்களை ஊர் எப்படிப் பார்த்தது என்பது இங்கே வயதானவர்களுக்குத் தெரியும். நச்சு மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் மருந்தாக வந்தது. பொலி லக்ரிக் அமில நிரப்பூசிக்கு 2004இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது எச்.ஐ.வி. நோயாளரின் வற்றிய கன்னங்களுக்காக. அழகுக்கும் மருத்துவத்துக்கும் நடுவே கோடு கீறுவது அவ்வளவு இலேசல்ல.

எனவே நடைமுறையில் நான் முன்வைப்பது இது. முதலில் நச்சு மட்டும். இரண்டு வாரம் கழித்து முகத்தைத் திரும்பப் பார்த்தால், களி தேவை என்று நினைத்த இடங்களில் சில தாமாகவே தேவையற்றுப் போயிருக்கும். மிஞ்சியவற்றுக்கும் குறைந்த களி போதும். ஒரே நாளில் இரண்டும் என்றால் களியை முதலில் போட்டு அமர்த்திவிட்டு நச்சைப் பின்னர் போடுவது நல்லது, அழுத்தித் தடவும் கை நச்சை நகர்த்திவிடாமலிருக்க. கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னர் வந்து நிற்கும் மணப்பெண்ணுக்கு இரண்டும் வேண்டாம். புருவ நடுவிலும் மூக்கிலும் களி இங்கே தவிர்க்கப்பட வேண்டும். கன்னத்துக்கும் மூக்கோரக் கோட்டுக்கும் போடுவதானால், நொதியம் கையிருப்பில் உள்ள இடத்தில், பயிற்சி பெற்ற தோல் வைத்திய நிபுணரே போட வேண்டும். இந்தியத் தோல் வைத்தியர் சங்கத்துக்காகச் சென்னையின் மாயா வேதமூர்த்தி 2008இல் எழுதிய நிரப்பூசி நெறிமுறைகளும் வைத்தியரின் பயிற்சியையும் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தையும்தான் வலியுறுத்தின. அந்தச் சம்மதப் படிவத்தில் நான் இன்னும் இரண்டு வரி சேர்ப்பேன்: போட்ட பொருளின் பெயரும் தொகுதி இலக்கமும் ஒன்று, அன்றிரவு நோயாளி தங்கும் இடம் மற்றொன்று. நிரப்பூசி போட்டவரின் இரண்டாவது வரியில் குருக்கள்மடம் என்றிருந்தால், முதல் இருபத்துநான்கு மணித்தியாலம் அவரை மட்டக்களப்பு நகரிலேயே, போதனா வைத்தியசாலைக்கு எட்டும் தூரத்தில், ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்ல வேண்டும். நச்சு மட்டும் பெற்றவர் அன்று மாலையே கல்முனை பஸ்ஸில் ஏறலாம்.