கூடாரத்தைத் தாங்குவது எது? செலராங் 1942: ஒரு வகுப்பறைக் கட்டுரை

உயர்நிலை மூன்று முகாமுக்குப் போய்வந்த பிள்ளைகளிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "டென்ட்டுக்குள்ள ஒரே புழுக்கம், சார்" என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்தப் புழுக்கத்திலிருந்தே நீங்கள் ஒரு வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கலாம். சாங்கிக்குச் செல்லும் முன் நம் இலக்கியத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம்.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. போருக்குப் போன அரசனின் பாசறை அதில் விரிவாக வருகிறது. காட்டை வெட்டி இடம் ஒதுக்குகிறார்கள், கோல் நட்டுக் கயிறு இழுத்து இருக்கை அமைக்கிறார்கள். அதோடு முடிந்துவிடவில்லை. காவலர் இருக்கிறார்கள், பொழுதைக் கணக்கிட்டுச் சொல்வோரும் இருக்கிறார்கள். அதாவது, பாசறை என்றால் வெறும் துணியும் கயிறும் இல்லை; அதற்குள் ஓர் ஒழுங்கும் உண்டு. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய படைகளின் பொதுப்பயன் கூடாரமும் அடிப்படையில் அதேதான். உறங்க, உண்ண, சிகிச்சை தர, சரக்கு வைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். அமெரிக்கப் படையின் நடுத்தரக் கூடாரம் 32 அடி நீளம், 16 அடி அகலம். கணக்குப் போட்டால் 512 சதுர அடி. கிட்டத்தட்ட நம்ம வீவக ஈரறை வீடு ஒன்றின் பரப்பு. நடுவில் தூண்கள், உச்சியில் நீளக் கழி, சுற்றிலும் இழுகயிறுகள், தரையில் அடித்த முளைகள். பக்கத் துணியைச் சுருட்டி மேலே கட்டினால் காற்று வரும். இந்தியப் படைக் கூடாரங்களில் கூரை இரண்டடுக்காக இருப்பதுண்டு. இடையில் நிற்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். பருத்திக் கித்தான் மழையில் நனைந்தால் அதன் நூல் ஊதி, நெசவின் இடைவெளி அடைபடும். தண்ணீர் உள்ளே இறங்காது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டினால் தரையும் நனையாது.

இவ்வளவு யோசித்து வடிவமைத்த பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு: இத்தனை பேர், இவ்வளவு தண்ணீர், இத்தனை கழிப்பிடம். அந்தக் கணக்கை வேண்டுமென்றே உடைத்தால் என்ன ஆகும்? அதற்கான பதில் சாங்கியில் இருக்கிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் சாங்கிப் பகுதிப் படைமுகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஆகஸ்ட் மாத இறுதியில், தப்பிக்க மாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிடும்படி ஜப்பானியர் கேட்டனர். கைதிகள் மறுத்தனர். தண்டனையாக, 15,000க்கும் மேற்பட்டவர்களைச் செலராங் முகாமுக்குள் நெருக்கினார்கள். அது சுமார் 800 வீரர்களுக்காகக் கட்டிய இடம். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்கள்: 40 பேர் உட்காரும் நம் வகுப்பறையில் 750 பேர்!

கட்டடங்கள் நிரம்பி வழிந்தன. அணிவகுப்புத் திடலில் கூடாரங்களும், கையில் கிடைத்த துணியால் போட்ட மறைப்புகளும் எழுந்தன. தண்ணீர்க் குழாய்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. தார் போட்ட திடலையே கொத்திக் கழிப்பிடக் குழிகள் தோண்டினார்கள். செப்டம்பர் 2 அன்று, முன்பு தப்பியோடிப் பிடிபட்ட நால்வர் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். நோய் பரவும் அபாயம் நாளுக்கு நாள் கூடியது. கடைசியில், வற்புறுத்தலால்தான் கையொப்பமிடுகிறோம் என்ற நிலையில் அதிகாரிகளே தம் வீரர்களுக்கு உத்தரவிட்டனர். செப்டம்பர் 5 அன்று அவர்கள் பழைய இடங்களுக்குத் திரும்பினர். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலிய வீரர் ரகசியமாக எடுத்த படங்கள் அந்தத் திடலை இன்றும் நமக்குக் காட்டுகின்றன.

அந்த நெருக்கடியைத் தாங்க அவர்களிடம் என்ன இருந்தது? துணி மட்டுமா? இல்லை. உத்தரவிட அதிகாரிகள் இருந்தார்கள், குழி தோண்ட அணிகள் இருந்தன, மருத்துவர்கள் இருந்தார்கள். முல்லைப்பாட்டில் பார்த்தோமே, அதே ஒழுங்கு.

இப்போது, நம்மவர் கதைக்கு வருவோம். 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து 7,000 கைதிகள் அடங்கிய ஒரு பிரிவு சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டது. அவர்களில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் வேலை செய்தார்கள். அதே மழை, அதே காலரா, ஒழுகும் கூரை. ஆனால், அவர்களுக்கென்று படை அமைப்பு இல்லை, தம்முடன் வந்த மருத்துவர் இல்லை. செத்தவர் பெயரை எழுதிவைக்கவும் பெரும்பாலும் ஆளில்லை. படைவீரர்களின் பெயர்களைக் கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் வரிசை வரிசையாகப் படிக்கலாம். இவர்களில் மிகப் பலருடைய பெயர்களை எங்கே போய்ப் படிப்பது?

கூடாரத்தைத் தாங்குவது தூண் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் கூடாரத்துக்குள் இருக்கும் மனிதரைத் தாங்குவது வேறு: கணக்கு வைப்பவர், தண்ணீர் பங்கிடுபவர், பெயர் எழுதுபவர். இதைத்தான் இந்தப் பாடத்தில் நாம் கொண்டுசேர்க்க வேண்டும்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். தரையில் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் வரைந்து, எட்டுப் பேரைப் படுக்க இடம் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குள் வகுப்பு முழுவதையும் நிறுத்துங்கள். தண்ணீர், கழிப்பிடம், நோயாளிக்கு இடம் எங்கே என்று அவர்களே திட்டமிடட்டும். அதன்பின் பாசறை, பாடி, கூடாரம், முகாம் ஆகிய நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, எதை எப்போது சொல்வோம் என்று பேசவையுங்கள். முடிந்தால் சாங்கி தேவாலய அரும்பொருளகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் வீட்டுப்பாடமாக ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சயாமுக்குப் போனாங்களா?" பதிலாக ஒரு பெயர் கிடைத்தாலும், அதை மறக்காமல் எழுதி வாங்குங்கள்.