அபராதம் யாருக்குச் சேரும்? அமெரிக்காவின் 'குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் நிதி'

தமிழில் 'தண்டம்' என்ற சொல்லுக்குத் தண்டனை என்று பொருள் உண்டு, அபராதம் என்று பொருள் உண்டு, வீணாய்ப் போன பணம் என்றும் பொருள் உண்டு. நீதிமன்றத்தில் குற்றவாளி கட்டும் அபராதம் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்தால் இந்த மூன்றாவது பொருளும் பொருத்தமாகவே படும். அடிபட்டவர் ஒருவர், அபராதம் போவதோ அரசாங்கக் கஜானாவுக்கு. ஆஸ்பத்திரிச் செலவும், வேலைக்குப் போகமுடியாத நாட்களின் சம்பள இழப்பும், இரவில் தூக்கம் வராத பயமும் அடிபட்டவரோடே தங்கிவிடுகின்றன.

இந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்கா 1984-ல் ஒரு வழி கண்டது. ஃபெடரல் நீதிமன்றங்களில் தண்டனை பெறுபவர்கள் கட்டும் அபராதத்தைத் தனியாக ஒரு நிதியில் சேர்த்து, அதைக் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கே செலவிடுவது. மக்கள் வரிப்பணத்தில் ஒரு காசும் வேண்டாம். கேட்கும்போதே 'சரிதானே' என்று சொல்லவைக்கும் ஏற்பாடு. ஆனால் இதே ஏற்பாட்டினால்தான், அடித்த கணவனிடமிருந்து தப்பி வந்த ஒரு பெண்ணுக்கு இன்றிரவு படுக்கை கிடைக்குமா என்பது, எங்கோ ஒரு வங்கியின் மீது அரசு வழக்கறிஞர் எடுத்த முடிவைப் பொறுத்ததாக ஆகியிருக்கிறது. அது எப்படி என்று பார்க்கலாம்.

முன்கதை

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே இழப்பீடு தரவேண்டும் என்ற எண்ணத்தை நம் காலத்தில் வலுவாக எழுப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிறைச் சீர்திருத்தவாதி மார்ஜரி ஃப்ரை. 1950களில் அவர் இதற்காகத் தொடர்ந்து எழுதினார். 1958-ல் அவர் மறைந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 1963-ல் நியூசிலாந்து முதலில் சட்டம் இயற்றியது. 1964-ல் பிரிட்டன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1965-ல் கலிஃபோர்னியா முதல் மாநிலமாக இதை ஏற்க, மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

1982-ல் அதிபர் ரீகன், லோயிஸ் ஹைட் ஹெரிங்டன் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். குழு அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. நீதி அமைப்பு குற்றவாளியைச் சுற்றியே சுழல்கிறது, பாதிக்கப்பட்டவர் அதில் வெறும் சாட்சியாக நடத்தப்படுகிறார் என்பதே அதன் சாரம். 1984 அக்டோபரில் நிறைவேறிய 'குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சட்டம்' (ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'வோகா' என்பார்கள்) இந்த அறிக்கையின் விளைவு.

பணம் வரும் வழி

நிதிக்குப் பணம் வரும் வழிகள் சில. ஃபெடரல் குற்ற வழக்குகளில் விதிக்கப்படும் அபராதம், பறிமுதலாகும் ஜாமீன் தொகை, தண்டனை பெறும் ஒவ்வொருவரும் கட்டவேண்டிய சிறப்புக் கட்டணம் ஆகியவை முக்கியமானவை. இந்தக் கட்டணம் பெருங்குற்றம் ஒன்றுக்குத் தனிநபருக்கு 100 டாலர், நிறுவனத்துக்கு 400 டாலர். 2001-ல் வந்த தேசப்பற்றுச் சட்டத்துக்குப் பின் தனியார் நன்கொடைகளையும் ஏற்கலாம் என்று ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அடிதடி, கொலை, பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்ற வழக்குகளில் பெரும்பாலானவை மாநில நீதிமன்றங்களில் நடப்பவை. அவற்றின் அபராதம் இந்த நிதிக்கு வருவதில்லை. ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வரும் பெரிய தொகைகள் விலை நிர்ணயச் சதி, வங்கி மோசடி, மருந்துக் கம்பெனிகளின் விதிமீறல், சுற்றுச்சூழல் குற்றம் போன்றவற்றில் இருந்து வருபவை. அதாவது அடித்தவன் பணம் அடிபட்டவருக்குப் போகிறது என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் வங்கியும் கார் கம்பெனியும் கட்டுவதுதான் போகிறது.

1985-ல் நிதிக்கு வந்தது ஏறத்தாழ 6.8 கோடி டாலர். 1996-ல் ஜப்பானின் டாய்வா வங்கி ஒன்றே 34 கோடி டாலர் அபராதம் கட்டியது. 1999-ல் வைட்டமின் விலைச் சதி வழக்கில் ஹாஃப்மன்-லா ரோச் நிறுவனத்துக்கு 50 கோடி டாலர் அபராதம். 2015-ல் அந்நியச் செலாவணி மோசடியில் சிட்டிகார்ப், ஜேபி மார்கன், பார்க்லேஸ், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து ஆகியவை குற்றத்தை ஒப்புக்கொண்டு மொத்தம் 250 கோடி டாலருக்கு மேல் கட்டின. 2017-ல் டீசல் புகை மோசடிக்காக வோக்ஸ்வேகனுக்கு 280 கோடி. அந்த நிதியாண்டில் மொத்த வரவு 650 கோடி டாலரைத் தாண்டியது.

பணம் போகும் வழி

குழந்தைகள் மீதான வன்கொடுமை வழக்குகளுக்கான மானியம், எஃப்.பி.ஐ.யிலும் ஃபெடரல் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஊழியர்களின் செலவு ஆகியவை முதலில் எடுக்கப்படும். சில ஆண்டுகளாகப் பழங்குடி மக்களுக்கென்று ஒரு பங்கும் ஒதுக்கப்படுகிறது. மிஞ்சுவதில் 5 சதவீதம் நீதித்துறையின் பாதிக்கப்பட்டோர் அலுவலகத்தின் நேரடி மானியங்களுக்கு. மீதி இரண்டு சம பங்குகளாக, தலா 47.5 சதவீதமாகப் பிரியும்.

முதல் பங்கு இழப்பீடு. இதை வழங்குவது மாநில அரசு. மாநிலம் தன் பணத்தில் இருந்து கொடுத்த இழப்பீட்டில் 75 சதவீத அளவுக்கு ஃபெடரல் அரசு பின்னர் மானியம் தரும். 2021-க்கு முன் இது 60 சதவீதமாக இருந்தது. மருத்துவச் செலவு, மனநல ஆலோசனை, சம்பள இழப்பு, ஈமச்சடங்குச் செலவு ஆகியவை இதில் அடங்கும். பொருள் இழப்பு பொதுவாக அடங்காது. வழிப்பறியில் பறிபோன தாலிச்சங்கிலிக்குப் பணம் கிடைக்காது. சங்கிலியை இழுத்தபோது கழுத்தில் பட்ட காயத்துக்கான வைத்தியச் செலவு கிடைக்கலாம். காப்பீடு போன்ற மற்ற எல்லா வழிகளும் தீர்ந்த பிறகே இது கைகொடுக்கும்.

இரண்டாவது பங்கு சேவைகளுக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடிப்படையாக 5 லட்சம் டாலர், அதற்கு மேல் மக்கள்தொகைக்கு ஏற்றபடி. இழப்பீட்டுப் பங்கில் செலவாகாமல் மிஞ்சுவதும் இங்கேதான் வந்து சேரும். மாநிலங்கள் இதைத் தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. பெண்கள் காப்பகம், அவசரத் தொலைபேசி உதவி, நீதிமன்றத்துக்குத் துணைக்கு வருபவர், மொழிபெயர்ப்பாளர் என்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான அமைப்புகள் இதை நம்பி இருக்கின்றன. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, இதுவரை போதிய உதவி எட்டாத பிரிவினர் ஆகிய நான்குக்கும் தலா 10 சதவீதமாவது ஒதுக்கவேண்டும் என்பது விதி.

இவை தவிர, பெருந்திரள் வன்முறைக்கென்று 5 கோடி டாலர் வரை அவசரக் கையிருப்பு உண்டு. 2012-ல் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராத் துப்பாக்கிச் சூடு, 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு, 2017 லாஸ் வேகாஸ் துப்பாக்கிச் சூடு ஆகியவற்றுக்குப் பின் இந்த வழியில் உதவி சென்றது.

உச்சவரம்பு என்னும் மதகு

ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் காயும் நிதி இது. இதைச் சமாளிக்க 2000-ஆம் நிதியாண்டில் இருந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆண்டுச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. முதல் வருட வரம்பு 50 கோடி டாலர். ஏரி நிறைந்திருக்கும்போது மதகைக் கொஞ்சமாகத் திறந்து, கோடைக்கு நீர் வைத்துக்கொள்வது போன்ற யோசனை. யோசனை சரி. ஆனால் திறக்காத தண்ணீரை பட்ஜெட் கணக்கில் 'மிச்சம்' என்று காட்டி, அதை ஈடாக வைத்து வேறு செலவுகளுக்கு இடம் பண்ணிக்கொள்ளும் வழக்கமும் கூடவே வந்தது. நிதியில் பணம் சேர்ந்துகொண்டே போக, காப்பகங்கள் இடமில்லை என்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

2014-ல் வரம்பு 74.5 கோடி டாலர். 2015-ல் ஒரே தாவலில் 236 கோடி ஆனது. 2018-ல் 443 கோடி. அமைப்புகள் புதிய ஆட்களை எடுத்தன, புதிய ஊர்களில் கிளைகள் திறந்தன. அதே 2018-ல் வரவு சரிந்தது. 2018, 2019, 2020 மூன்று ஆண்டுகளிலும் நிதிக்கு வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி அளவுதான். 2017-ல் சுமார் 1300 கோடியாக இருந்த கையிருப்பு வேகமாகக் கரைந்தது. வரம்பும் இறங்கியது: 2021-ல் 201 கோடி, 2023-ல் 190 கோடி, 2024-ல் 135 கோடி. 2025-ல் மீண்டும் 190 கோடி.

இந்த ஆண்டுகளில் குற்றங்கள் குறைந்ததால் பணம் குறையவில்லை. 2020-ல் அமெரிக்காவில் கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. தேவை ஏறியபோது நிதி இறங்கியது.

ஏன் இறங்கியது?

ஒரு காரணம், பெரிய நிறுவனங்கள் மீதான வழக்குகளை முடிக்கும் முறை. ஒரு நிறுவனத்தின் மீது குற்றத்தை நிரூபித்துத் தண்டனை வாங்குவதற்குப் பதில், 'இத்தனை கோடி கட்டு, இந்த இந்த விதிகளைக் கடைப்பிடி, வழக்கை நிறுத்தி வைக்கிறோம்' என்று ஒப்பந்தம் செய்துகொள்வது பெருகியது. தண்டனை இல்லாததால் அந்தப் பணம் 'அபராதம்' ஆகாது. பொதுக் கஜானாவுக்குப் போய்விடும். அரசுக்கு வருமானம் குறையவில்லை. காப்பகத்துக்குத்தான் குறைந்தது.

2021 ஜூலையில் கையெழுத்தான வோகா திருத்தச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் கிடைக்கும் பணமும் இனி இந்த நிதிக்கே. ஆனாலும் தலைப்புச் செய்தியில் வரும் தொகை முழுவதும் நிதிக்கு வருவதில்லை. 2023 நவம்பரில் கிரிப்டோ நிறுவனமான பைனான்ஸ் 430 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் சுமார் 250 கோடி சொத்துப் பறிமுதல். அது வேறு கணக்கு. சட்டப்படி இந்த நிதிக்கு உரியது குற்ற அபராதம் என்ற மீதிப் பகுதிதான். அரசை ஏமாற்றிப் பில் போட்டவர்களிடம் சிவில் வழக்கில் வசூலிக்கும் தொகையில் ஒரு பகுதியையும் சில ஆண்டுகளுக்கு இங்கே திருப்பிவிடவேண்டும் என்று 2024-லும் 2025-லும் காங்கிரசில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன.

இடையில் சில மாநிலங்கள் தம் கையில் இருந்து போட்டன. கலிஃபோர்னியா தன் 2024-25 பட்ஜெட்டில் 10 கோடியே 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. எல்லா மாநிலத்துக்கும் அந்த வசதியோ மனதோ இல்லை.

வரிப்பணம் என்றால் மட்டும்?

அப்படியானால் வரிப்பணத்தில் இருந்தே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். காவல்துறை, நீதிமன்றம், போதைச் சிகிச்சை முதலியவற்றுக்கு மாநிலங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ஃபெடரல் அரசு தரும் 'பைர்ன்' மானியம் அப்படிப்பட்டது. 1988-ல் நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவலாகக் காரில் உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்ட 22 வயதுக் காவலர் எட்வர்ட் பைர்ன் பெயரில் அமைந்தது. அதன் தொகையை ஆண்டுதோறும் காங்கிரஸ்தான் தீர்மானிக்கிறது. அரசியல் மாறினால் அதுவும் மாறும். 2025 ஏப்ரலில் நீதித்துறை தான் ஏற்கெனவே வழங்கியிருந்த மானியங்களில் 300-க்கும் மேற்பட்டவற்றை ஒரே நாளில் ரத்து செய்தது; சிலவற்றை மட்டும் பிறகு திருப்பிக் கொடுத்தது. மாநிலங்களுக்குச் சூத்திரப்படி போகும் வோகா பணம் அதில் சேரவில்லை. தனி நிதி என்பதன் பலம் இங்கே தெரிகிறது. பலவீனத்தை மேலே பார்த்தோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அபராதத்தைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பது நியாயம். அபராதம் வந்தால்தான் கொடுப்பேன் என்பது நியாயமல்ல. ஒரு குறைந்தபட்சத் தொகையைப் பொதுப் பணத்தில் இருந்து உறுதி செய்துவிட்டு, அபராதத்தை அதற்கு மேல் சேர்ப்பதே நேர்மையான வழியாக இருக்கும்.

நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த உதவி குடிமக்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி அல்ல. ஒரு மாநிலத்தில் குற்றம் நடந்தால், அங்கே வசிக்காதவருக்கும் வசிப்பவருக்கும் ஒரே அளவுகோலில் இழப்பீடு தரவேண்டும் என்று வோகா சட்டம் சொல்கிறது. பேத்தியைப் பார்க்க ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா நடைபயிற்சியில் தாக்கப்பட்டால், அவரும் விண்ணப்பிக்கலாம். விசா நிலை, போலீசில் புகார் செய்யும் காலக்கெடு போன்ற விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் இழப்பீட்டுக்கு அட்டர்னி ஜெனரல் அலுவலகம், நியூயார்க்கில் பாதிக்கப்பட்டோர் சேவை அலுவலகம் என்று அணுகவேண்டிய இடமும் மாறும்.

குடும்ப வன்முறைக்கு ஆளாகும் தெற்காசியப் பெண்களுக்கென்றே நியூ ஜெர்சியில் 'மானவி' (1985), நியூயார்க்கில் 'சகி' (1989), சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'மைத்ரி' (1991) முதலிய அமைப்புகள் இருக்கின்றன. கணவனின் விசாவில் வந்து, கையில் காசும் வங்கிக் கணக்கும் இல்லாமல், ஊரில் சொன்னால் மானம் போகும் என்று வாய்மூடி இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன் நாட்டுப் பேச்சில் ஒரு குரல் பதில் சொல்வது எத்தனை பெரிய விஷயம் என்பதை நமக்கு விளக்கவேண்டியதில்லை. இத்தகைய அமைப்புகளில் எந்த மானியம் குறைந்தாலும் முதலில் அடிபடுவது இரவில் தொலைபேசியை எடுக்கும் அந்த வேலைதான்.

நமது தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் தம் மாநில இழப்பீட்டு அலுவலகத்தின் எண்ணையும், அருகில் உள்ள உதவி அமைப்பின் எண்ணையும் அச்சிடலாம். செலவு ஒன்றும் இல்லை. அழைப்பிதழ் பெரும்பாலான வீடுகளில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் சில வாரமாவது ஒட்டியிருக்கும். யார் கண்ணில் படவேண்டுமோ அவர் கண்ணில் படும்.