கச்சேரி ஒலிநாடாக்கள்: இசை ஆர்வலர் பதிவுகளைக் கண்டெடுத்தலும் காத்தலும்

சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டை தமிழ் பயில்வார்க்கு இரு வகையால் அறிமுகமான ஊர். கண்ணாத்தாள் என மக்கள் வழங்கும் கண்ணுடைய நாயகியின் திருக்கோயில் அங்கு உள்ளது. கம்பர் அடக்கமாயினார் என்று வழிவழியாகக் கூறப்பெறும் இடமும் அங்கேயே உள்ளது. 1939-ஆம் ஆண்டில் சா. கணேசனார் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம் எடுக்கும் திருநாள், பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய நாட்களில் காரைக்குடியில் நிகழ்ந்து, அத்த நாளில் இவ்வூரில் நிறைவெய்துதல் மரபு. அம்மன்மேல் எழுந்த கண்ணுடையம்மன் பள்ளு என்னும் சிற்றிலக்கியமும் இவ்வூர்க்கு உரியது.

பள்ளு படித்தற்கு மட்டும் எழுந்த இலக்கிய வகையன்று. பாடுதற்கும் ஆடுதற்கும் உரியது. அதன் சொல் நம் கையில் உளது. அதனை முதற்கண் பாடினோர் குரலும், அவர் எடுத்த காலமும், கேட்டோர் மகிழ்ந்த இடமும் நம்பால் இல்லை. தமிழ் இசை வரலாறு முழுவதற்கும் உரிய குறை இதுவே. இக்குறை சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒருவாறு நீங்கியது. நீக்கியவர் பெரும்பாலும் இசைப் புலவரோ நிறுவனத்தாரோ அல்லர். கச்சேரி கேட்கச் சென்ற ஆர்வலர். அவர் பதிந்த ஒலிநாடாக்கள் வரலாற்றுச் சான்றாமாற்றையும், அவை அழியாமல் காத்தற்குரிய வழியையும் ஈண்டு நோக்குவாம்.

1. சொல்லும் ஒலியும்

தில்லையில் மறைந்து கிடந்த தேவாரச் சுவடிகள் வெளிப்பட்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. புற்று மூடிய ஏடுகளிற் செல்லரித்தன போக எஞ்சியவை கிடைத்தன. ஏடு கிடைத்த பின்னும் பண் கிடைத்திலது. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர் வாயிலாகவே பண்முறை வகுக்கப்பட்டது என்பது அப்புராணச் செய்தி. இதனை வரலாறு எனக் கொள்ளினும் மரபு எனக் கொள்ளினும் ஓர் உண்மை விளங்கும். சொல்லைச் சுவடி காக்கும். ஒலியை மாந்தரே காத்து வந்தனர். அம்மாந்தர் வழி அற்றால் ஒலியும் அறும்.

கல்வெட்டும் இதற்கு விலக்கன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெண்மரையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் முதலாம் இராசராசன் அமர்த்தினான். ஐம்பதின்மர் பெயரும், நாளொன்றுக்கு அவர் பெற்ற நெல்லின் அளவும் கல்லில் உள. குரல் இல்லை. செட்டிநாட்டை அடுத்த குடுமியான்மலை இசைக் கல்வெட்டு ஏழு பகுதிகளாகச் சுர வரிசைகளையே பொறித்து வைத்துள்ளது. ஆயினும் அவற்றைப் பாடிக் காட்டுவதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. 1904-இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி கமகக் குறியீடுகளோடு கூடியது. அந்நூலுங்கூடப் பாடிக் கேட்ட ஆசிரியர் ஒருவரை வேண்டி நிற்கும். சுரக்குறிப்பு எலும்பு போல்வது. உயிரும் தசையும் பாடுவோரிடம் உள என்க.

2. இசைத்தட்டும் ஒலிநாடாவும்

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. சில ஆண்டுகளிற் சென்னையிலும் பதிவுகள் நிகழ்ந்தன. செட்டிநாட்டுக்கும் இத்தொழிலுக்கும் தொடர்பு மிக அணுக்கமானது. காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (1907–1979) திரைப்படத் துறையிற் புகுமுன் இசைத்தட்டு வணிகம் செய்தவர். அவர் பங்குகொண்ட சரசுவதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுக்களைத் தமிழ்நாட்டில் பரப்பிற்று.

இசைத்தட்டின் பயன் பெரிது. அதன் எல்லை சிறிது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை நிமிடமே ஓடும். மேடையில் அரைமணி விரியும் இராகம், தட்டில் ஒரு நிமிடத்தில் ஒடுங்கும். பதிவறையில் கேட்போர் இல்லை; ஆதலின் அவர் எழுச்சியும் அதற்குப் பாடகர் தரும் மறுமொழியும் இல்லை. தட்டு பாடகரை அறிவிக்கும், கச்சேரியை அறிவியாது.

காந்தமேற்றிய நாடாவில் ஒலியைப் பதியும் பொறி 1935-இல் பெர்லினிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது பிற நாடுகளிற் பரவி, 1950-களில் வசதியுடையார் வீடுகளையும் எட்டிற்று. ஏழங்குலச் சுருளில் 1200 அடி நாடா அடங்கும். நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் அது ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஆகவே இரண்டு சுருள் இருப்பின் மூன்று நான்கு மணி நேரக் கச்சேரியை முழுமையாகப் பதியலாம். ஒலியின் வரலாற்றில் இஃது ஒரு திருப்பம். நிறுவனத்தின் கையில் இருந்த பதிவு, இதனால் கேட்போன் கைக்கு வந்தது.

3. அரியக்குடியார் வகுத்த முறை

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் தகும். காரைக்குடியை அடுத்த அரியக்குடியிற் பிறந்த இராமாநுஜ ஐயங்கார் (1890–1967), பூச்சி சீனிவாச ஐயங்காரின் மாணவர். 1938-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். திருப்பாவைப் பாசுரங்களுக்கும் அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் இசை அமைத்து மேடையிற் பரப்பியவர். இராம நாடகம் கம்பர் வழி எழுந்ததாதலின், கம்பர் அடக்கமான நிலத்தை அடுத்துப் பிறந்த ஒருவர் அதனை மேடைக்கு மீட்டமை பொருத்தமே.

இன்றைய கச்சேரி அமைப்பு அவர் வகுத்தது என்பர். முதலில் வருணம், பின் விறுவிறுப்பான சில கிருதிகள், இடையில் விரிந்த இராகம், தொடர்ந்து இராகம் தானம் பல்லவி, இறுதியிற் சிறு பாடல்கள் என்பது அவ்வமைப்பு. இதில் அவர் புகழ் ஒரு பாடலில் இல்லை. பாடல்களை நிரல்படுத்திய முறையிலும், ஒவ்வொன்றற்கும் அளந்து கொடுத்த நேரத்திலும் உள்ளது. நிரலையும் நேரத்தையும் மூன்றரை நிமிடத் தட்டு காட்ட வல்லதன்று. வானொலிப் பதிவும் குறித்த நேரத்துக்குள் அடங்க வேண்டியது. திருமணப் பந்தலிலும் கோயில் விழாவிலும் சபையிலும் அவர் பாடியதை ஒருவர் முழுமையாகப் பதிந்திருப்பின், அதுவே அம்முறைக்கு நேர்ச்சான்று. அத்தகைய சான்றின்றி ‘அரியக்குடி முறை’ என்று நாம் பேசுவது பெரும்பாலும் கேள்விச் செய்தியே.

4. ஆர்வலர் பதிவை ஆராயுமாறு

ஆர்வலர் பதிவு சான்றாகும் எனின், பிற சான்றுகளைப் போல அதனையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். இதற்குப் பிறநாட்டு நிகழ்ச்சிகள் இரண்டு துணை செய்யும்.

நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கின் நூலகர் லயனல் மேபிள்சன், 1901 முதல் 1903 வரை, மேடையில் நிகழ்ந்தவற்றை மெழுகு உருளைகளிற் சிறு சிறு துண்டுகளாகப் பதிந்தார். இரைச்சல் மிகுந்த அவ்வுருளைகள் அவர் இறுதிக் காலத்திலேயே பிறர் கவனத்துக்கு வந்தன. பின் நியூயார்க்குப் பொது நூலகத்தைச் சேர்ந்து, 1985-இல் தட்டுக்களாக வெளிவந்தன. ஒலித்தரம் தாழ்ந்ததாயினும் சான்று உயர்ந்ததாதல் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

டீன் பெனிடெட்டி என்பார் ஜாஸ் இசைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்பை 1947, 1948 ஆகிய ஆண்டுகளில் இரவு விடுதிகளிற் சென்று பதிந்தார். பெனிடெட்டி 1957-இல் மறைந்தார். பலர் கட்டுக்கதை என்று எண்ணிய அப்பதிவுகள் அவர் குடும்பத்தாரிடம் இருந்து, 1988-இல் வெளிப்பட்டு, 1990-இல் வெளியாயின. ஆயினும் அவற்றில் ஒரு குறை உண்டு. பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் பொறியை ஓட்டி, பிறர் வாசிக்கும்போது நிறுத்திவிட்டார் அவர். தட்டையும் நாடாவையும் சிக்கனமாகச் செலவிட எண்ணியது ஒரு காரணம். பற்று மற்றொரு காரணம்.

இதனை நம் நாடாக்களுக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். தனி ஆவர்த்தனம் இல்லாத நாடா, அன்று தனி வாசிக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. பதிந்தவர் பொறியை நிறுத்தியிருத்தல் கூடும். இராகம் இடையில் அறுந்தால், அது சுருளைத் திருப்பிய இடமாகலாம். உறையில் எழுதிய நாளும் ஊரும் பல்லாண்டு கழித்து நினைவால் எழுதியனவாகலாம். ஏட்டுச் சுவடியில் எழுதுவோர் பிழையை ஆராயும் தமிழ் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. நாடாவும் ஒரு சுவடியே; பதிந்தவரும் ஒரு வகையில் ஏடெழுதினோரே.

5. தமிழிசை வரலாற்றில் இதன் இடம்

கானாடுகாத்தானைச் சேர்ந்த அரசர் அண்ணாமலைச் செட்டியார் தூண்டுதலால் 1941-இற் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகத் தள்ளப்படுகின்றன என்பது அவ்வியக்கத்தார் முறையீடு. மறுத்தாரும் இருந்தனர். இருதரத்தார் எழுத்துக்களும் அச்சில் உள. மேடையில் நிகழ்ந்தது யாது என்பதற்கு அவை முழுச் சான்றாகா.

1941-க்கு முன்னைய மேடையை ஒலிநாடா காட்டாது. அக்காலத்தில் அது நம் நாட்டுக்கு வந்திலது. அப்பகுதிக்கு நிகழ்ச்சி அறிக்கைகளும் இதழ் மதிப்புரைகளுமே துணை. ஆனால் இயக்கம் எழுந்த பின், 1950-களிலும் 1960-களிலும் மேடை எவ்வளவு மாறிற்று என்பதை நாடாக்களால் அளக்கலாம். தமிழ்ப் பாடல் எத்தனை, எவ்விடத்தில் அமைந்தன, இராக விரிவு பெற்றனவா, நிரவல் பெற்றனவா, எத்துணை நிமிடம் பாடப்பட்டன, அவையோர் எங்கே ‘பலே’ என்றனர் என்பவற்றை எண்ணிக் கணக்கிடலாம். சென்னைச் சபைக்கும் செட்டிநாட்டுத் திருமணப் பந்தலுக்கும் இவ்வகையில் வேறுபாடு உண்டா என்பதும் தெளியலாம். வாதத்தாற் பேசி வந்த ஒன்றைச் சான்றால் தீர்க்கும் வாய்ப்பு இது. நாடாக்கள் அழியின் இவ்வாய்ப்பும் அழியும்.

6. காக்கும் முறை

நாடாவுக்கு முதற்பகை அதன் உடம்பே. தொடக்ககால நாடாக்கள் பல அசிட்டேட்டு என்னும் பொருளால் ஆனவை. அவை சிதையும்போது புளிக்காடி மணம் வீசும், சுருங்கி ஒடியும். பிற்கால நாடாக்கள் சிலவற்றில், காந்தத் துகளைப் பிணைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உண்டு பிசுபிசுக்கும். அதனை அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து பொறியில் ஒட்டிக்கொள்ளும். ஒலி ஒருமுறையிலேயே கெடும். ஆதலின் கண்டெடுத்தவுடன் ‘கேட்டுப் பார்ப்போம்’ என்று எண்ணுதல் பெரும் பிழை. உறையையும் அதிலுள்ள எழுத்தையும் நிழற்படம் எடுத்து, சுருளுக்கு எண் இட்டு, வெயிலும் ஈரமும் படாமல் வைத்து, பயிற்சி உடையாரிடம் ஒப்படைத்தலே முறை.

மாற்றும்போது வேகம் கருத்தில் இருத்தல் வேண்டும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மிகுந்தால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும்; பாடகர் குரலும் பாட்டின் காலமும் பொய்யாகும். மின்னோட்டத்தின் முரல்வு நாடாவிற் பதிந்திருப்பின் அது நொடிக்கு 50 அதிர்வாக நிற்றல் வேண்டும். அதனைக் கொண்டு வேகத்தைத் தோராயமாகத் திருத்தலாம். பாடகரின் வழக்கமான சுருதியோடும் ஒப்பிட்டு உறுதி செய்யலாம்.

எண்முறைப் பதிவாக மாற்றுங்கால் 24 பிட்டு அளவும், நொடிக்கு 96,000 மாதிரிகளும் கொள்ளுதல் உலக ஒலிக் காப்பகத்தார் பரிந்துரைக்கும் நெறி. முதற்படியை எவ்வகைத் திருத்தமும் இன்றி வைத்தல் வேண்டும். இருமலும், குழந்தை அழுகையும், கைத்தட்டும் இரைச்சல் அல்ல. அவையே அவை இருந்தமைக்குச் சான்று. இரைச்சல் நீக்கிய படி வேண்டுமெனின் அதனைத் தனியே செய்துகொள்க. படிகள் இரண்டு மூன்று இடங்களில் இருத்தலும், மாற்றிய பின்னும் மூல நாடாவை எறியாமையும் இன்றியமையாதன.

இசைஞரின் உரிமையையும் மறத்தல் ஆகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இற் செய்த திருத்தம் நிகழ்த்துவோர்க்கும் உரிமை அளித்தது. காத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. ஆராய்வார்க்குக் காப்பகத்திற் கேட்கத் தருதலும், பிறர்க்கு வெளியிட இசைஞர் குடும்பத்தார் இசைவு பெறுதலும் நேர்மை.

7. செட்டிநாட்டிற் செய்யத்தக்கது

ஆர்வலர் ஒருவரின் பற்றுப் பொதுச்செல்வமாக மாறியதற்குச் செட்டிநாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியார் பல்லாண்டு முயன்று நூல்களையும் இதழ்களையும், பிறர் பொருட்படுத்தாத பாட்டுப் புத்தகங்களையும் நாடக விளம்பரத் தாள்களையும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு காக்கப்பட்டு, 1994-இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று பாட்டுப் புத்தகம் பற்றி ஆராய்வார் எவரும் அவர்க்குக் கடப்பாடுடையர். அச்சுத் தாளுக்கு வாய்த்த இப்பேறு, வீடுகளில் முடங்கிய ஒலிநாடாவுக்கும் வாய்த்தல் வேண்டும்.

காலம் குறுகியது. செட்டிநாட்டுப் பெருவீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சில பிரித்து விற்கப்படுகின்றன. தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் பீங்கானுக்கும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலை உண்டு. நாடாச் சுருளுக்கு விலை இல்லை. ஆதலின் அது குப்பைக்குப் போகும். அதனை ஓட்டும் பொறிகளும், செப்பனிட அறிந்தாரும், ‘இது எந்தத் திருமணத்திற் பாடியது’ என்று சொல்லத்தக்க முதியோரும் ஆண்டுதோறும் குறைகின்றனர்.

முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு வளவுக்கேனும் சென்று, நாடா உண்டா என வினவி, உள்ளதைப் பட்டியலிடுதல் எளிய பணி. பதிந்தவர் யார், எங்கு இருந்து பதிந்தார், எதனை விட்டார் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுதல் அதனினும் பயனுடையது. நாடா பின்னர்க் கெடினும் அக்குறிப்பு எஞ்சும்.

கம்பர் அடக்கமான இடத்து மண்ணை எடுத்துக் குழந்தையின் நாவில் இட்டால் கல்வி வரும் என்பது நாட்டரசன்கோட்டைப் பக்கத்து நம்பிக்கை. புலவர் குரலைக் கேட்டிலாத மக்கள், அவர் மறைந்த மண்ணையேனும் நாவில் தாங்கக் கருதினர். நம் முன்னோர் காலத்து இசைஞரின் குரலோ இன்னும் அழியாமல் சுருளில் உறங்குகிறது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைத் தேடிச் சென்ற முயற்சியில் ஒரு சிறு பங்கேனும் நாம் செய்யின், அக்குரல் அடுத்த தலைமுறைக்குக் கேட்கும்.