பெயர் தொழிலான கதை

ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது வேறு. அவர் செய்யும் பணியைச் சொல்லி அழைப்பது வேறு. ஓர் இனத்தின் பெயரே பணியின் பெயராகிவிட்டால் என்ன நிகழும்? நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் அடிவாரமான கும்புப் பகுதியில் வாழும் ஷெர்பா மக்களின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

'ஷர்' என்றால் கிழக்கு. 'பா' என்றால் மக்கள். சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் இவர்கள். யாக் மேய்த்தனர், 19ஆம் நூற்றாண்டில் வந்துசேர்ந்த உருளைக்கிழங்கைப் பயிரிட்டனர். 5,700 மீட்டருக்கும் உயரமான நங்பா லா கணவாயைக் கடந்து, தானியம் கொடுத்துத் திபெத்தின் உப்பையும் கம்பளியையும் பெற்றனர். அப்பழைய வாழ்வை நாம் பொற்காலமெனப் போற்றிவிடலாகாது. பிழைப்பு தேடிப் பலர் டார்ஜிலிங்குக்கு நடந்தனர். 1921 முதல் எவரெஸ்டை நாடிய ஆங்கிலேயர், சுமை தூக்குவதற்கு அங்கேதான் ஆள் சேர்த்தனர்.

1953இல் டென்சிங் நோர்கேயும் ஹிலாரியும் சிகரத்தை அடைந்தபோது ஷெர்பாக்களை உலகம் அறிந்தது. 1959க்குப் பின் திபெத் வணிகம் நலிந்தது. 1964இல் லுக்லாவில் விமான ஓடுதளம் அமைந்தது. ஒரு கதவு அடைபட்ட வேளையில் மறு கதவு திறந்தது. மேய்ப்பர் வழிகாட்டியானார், வீடு விடுதியாயிற்று. ஹிலாரியின் முயற்சியால் 1961இல் கும்ஜுங்கில் எழுந்த பள்ளியில் பயின்றோர் மருத்துவர்களாகவும் விமானிகளாகவும் உயர்ந்தனர். இந்நன்மைகளை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும், விலையும் கொடுக்கப்பட்டது. 1922இல் பனிச்சரிவில் சுமைதூக்கிகள் எழுவர் மாண்டனர். 2014 ஏப்ரல் 18 அன்று மற்றொரு பனிச்சரிவு நேபாளத் தொழிலாளர் பதினாறு பேரைப் பலிகொண்டது, பெரும்பாலோர் ஷெர்பாக்கள். உடன்பிறந்தோரின் உடல்கள் புதைந்த பாதையில் மேலும் ஏற அவர்கள் மறுத்தனர். அவ்வாண்டு அப்பக்கத்து மலையேற்றம் ஏறக்குறைய நின்றேபோயிற்று. சுமப்பவர் நின்றால் சிகரமும் எட்டாது என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

இன்றோ, இமயத்தில் சுமை தூக்கும் ராய், தமாங் இனத்தாரும் 'ஷெர்பா' என்றே அழைக்கப்படுகின்றனர். ஜி-20 மாநாடுகளில் தலைவர்களுக்காக முன்பேச்சு நடத்தும் அதிகாரிக்கும் அதுவே பட்டம். இனத்தின் பெயரை உலகம் எடுத்துக்கொண்டது, இனத்தை அறிந்துகொண்டதா?

ஆயினும் அவர்கள் முற்றிலும் தம்மை இழந்துவிடவில்லை. இன்றும் பலர் பிறந்த கிழமையையே பெயராகத் தாங்குகின்றனர்: பசாங் வெள்ளி, டாவா திங்கள். 1989இல் தீக்கிரையான தெங்போச்சே மடாலயம் மீண்டும் கட்டப்பட்டது. அதற்குப் பிறநாட்டவர் பொருளும் துணைநின்றது. கும்ஜுங்குக்கு மேலே கும்பிலா என்னும் மலை நிற்கிறது. எவரெஸ்டைவிட மிகச் சிறியது. ஆனால் காவல் தெய்வத்தின் உறைவிடமென்று அவர்கள் அதில் ஏறுவதில்லை, பிறரை ஏற்றுவதுமில்லை.

உலகின் உச்சிக்கு ஊரார் அனைவரையும் அழைத்துச் செல்பவர்கள், தம் வாசலில் நிற்கும் ஒரு மலையை மட்டும் விலைபேசாது காத்துவருகின்றனர். மாற்றத்தைத் தடுப்பது எச்சமூகத்தாலும் ஆகாது. எதை விற்பதில்லை என்று முடிவுசெய்வது மட்டும் அதன் கையில் இருக்கிறது. நம் வாசலில் அத்தகைய மலை எது என்று நாமும் எண்ணிப் பார்ப்போம்.