சொல்ல எழுதியதும் படிக்கக் கேட்டதும்: ‘ஜகன்மோகினி’ வாசகியர் குறித்து ஒரு மறுப்பு

நாவல் வந்ததும் தமிழில் உரக்கப் படிக்கும் வழக்கம் ஒதுங்கி, தனித்திருந்து வாய்க்குள் படிக்கும் வழக்கம் வேரூன்றியது என்பது வாசிப்பு வரலாற்றாய்வில் செல்வாக்குள்ள கருத்து. ஆங்கிலம் படித்த ஆண்களைப் பொறுத்தவரை அதை ஏற்கலாம். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ கதை இதழுக்கு, குறிப்பாக அதன் கதைகளை அறிந்த மூத்த பெண்களுக்கு, அது பொருந்துமென நான் நம்பவில்லை.

விவாதத்துக்குரியது ஒரேயொரு செய்திதான். சிறுவயதிலேயே மணமாகிப் பள்ளிப் படிப்பற்றிருந்த கோதைநாயகி தம் முதற்படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சேறியது. ஆய்வாளர்கள் இதை ஒரு குறையாகவும், அவர் பின்னர் எழுதப் பழகியதை அக்குறை தீர்ந்ததாகவும் காட்டுகின்றனர். இந்த வாசிப்பில் அவசரம் இருக்கிறது. எழுதுவதற்கு முன்பே அவர் அயலவர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பேரெடுத்தவர், பாடத் தெரிந்தவர், பிற்காலத்தில் காங்கிரஸ் மேடைப் பேச்சாளர். சொல்லி எழுதுவித்தது வெறும் மாற்று ஏற்பாடென்றால், கை பழகியபின் அதன் சுவடு மறைந்திருக்க வேண்டும். நூற்றைக் கடந்த அவருடைய நாவல்களில் நீண்ட உரையாடல்களே கதையை நகர்த்துகின்றன. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது கேட்பவருக்குத் தடுமாறாது. கண்ணை மட்டும் நம்பிய எழுத்துக்கு இந்தப் பாடு தேவையில்லை.

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு மூவர் அளவே. மாமியாரும் பாட்டியும் இந்தக் கதைகளை அறிந்திருந்தால், மருமகளோ பேத்தியோ படித்துக் கேட்டே அறிந்திருப்பர். விற்ற படிகளை எண்ணலாம்; திண்ணையில் உட்கார்ந்திருந்த செவிகளை எண்ண முடியாது. ஸ்கொட்லாந்தின் டண்டியில் 1869இல் தொடங்கி இன்றும் வாரந்தோறும் வெளிவரும் ‘பீப்பிள்ஸ் ஃபிரெண்ட்’ கதை இதழை இங்கே அளவுகோலாக்குவதும் சரியல்ல. அது கிளம்பிய சில ஆண்டுகளிலேயே அங்கு கட்டாயக் கல்வி வந்துவிட்டது.

ஈழத்தின் ஈச்சிலம்பற்றிலிருந்து பார்ப்பவருக்கு இதில் புதுமை குறைவு. வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் சூழலை அறிந்தோருக்கு ஈழத்துப் புராணப் படிப்பும் தெரிந்திருக்கும்: ஒருவர் படிப்பார், மற்றொருவர் பயன் (பொருள்) சொல்வார், எழுத்தறியாத மூதாட்டிகள் கதைப்போக்கில் தவறு பிடிப்பர். ‘ஜகன்மோகினி’ இங்கு வந்ததென்று நான் வாதிடவில்லை. கேட்டலை வாசிப்பின் முந்திய படியாக மட்டும் கருதுவது கூடாது என்பதற்கு இது சான்று. புராணம் வேறு, நாவல் வேறு என்பார்கள். நூல் வேறுதான், கேட்ட பெண்கள் வேறல்லரே.

‘ஜகன்மோகினி’ மாதம் ஒருமுறை வந்ததையும் ஆய்வுகள் கண்டுகொள்ளவில்லை. ‘வைதேகி’ போன்ற தொடரில் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் முப்பது நாள் இடைவெளி. அத்தனை நாளும் கதையை மறவாமல் வைத்திருந்தது வீட்டாரின் மறுசொல்லலே என்று கருத இடமுண்டு. அதைவிடக் குறுகிய இடைவெளியில் தொடர்கதை தந்த ‘கல்கி’ இதழ் 1941இல் வந்தபின் அந்த மறுசொல்லலுக்கான அவகாசம் சுருங்கிற்று. ‘ஜகன்மோகினி’ தளர்ந்ததற்குப் போர்க்காலக் காகிதப் பஞ்சத்தையும் ஆசிரியரின் நோயையும் மட்டும் காரணம் காட்டுவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.