கெட்டுப் போகாத பாட்டில்

தம்பிக்குப் பையன் பிறந்து 12 நாள் ஆகியிருந்தது. அம்மா ஊரிலிருந்து புனேவுக்கு ரயிலேறி வந்துவிட்டார்கள். பையில் முறுக்கு, பருப்புப் பொடி, கூடவே பழைய துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் கொல்லிமலைத் தேன். குழந்தைக்குச் சேனை வைக்க! தம்பி மனைவி தயங்கித் தயங்கி, "டாக்டர் ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்றாள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள்:

"வருசக்கணக்கா வெச்சாலும் கெட்டுப் போகாத பொருள் கண்ணு. அதுல எங்கிருந்துடா கிருமி வரும்?"

நியாயமான கேள்விதான். நானோ பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி ஒன்றும் தெரியாது. அன்றிரவு உட்கார்ந்து தேடப்போய், எகிப்து, கிரேக்கம் என்று எங்கெங்கோ போய்விட்டேன்.

முதலில் எகிப்து. எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1862-ல் லக்சர் நகரில் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட அறுவை சிகிச்சைக் குறிப்புகள் அதில் இருந்தன. காயத்துக்கு முதல் நாள் பச்சை இறைச்சியை வைத்துக் கட்டு, அடுத்த நாளிலிருந்து கொழுப்பும் தேனும் நார்ப்பஞ்சும் வை என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் வைத்தியம். பிரெஸ்டெட் என்ற அறிஞர் 1930-ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

என்னை உலுக்கியது ஸ்பார்ட்டா கதைதான். கி.மு. 380-ல் அந்நாட்டு மன்னர் அகெசிபோலிஸ் வடக்கே படையெடுத்துப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உடலைத் தேனில் இட்டு ஊருக்குக் கொண்டுவந்து அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய 20 வருடம் கழித்து இன்னொரு மன்னர் அகெசிலாவ்ஸ், எகிப்திலிருந்து திரும்பும் வழியில் லிபியக் கரையில் இறந்தார். அங்கே தேன் கிடைக்கவில்லை. மெழுகை உருக்கி ஊற்றித் தூக்கி வந்தார்களாம். வெளியூரில் போனவரை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ன பாடு என்று நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தேன் ஏன் கெடுவதில்லை? அதில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 17, 18 சதவீதம்தான். பூவிலிருந்து எடுக்கும்போது பெரும்பகுதி தண்ணீராக இருப்பதை, தேனீக்கள் சிறகால் விசிறி விசிறி வற்ற வைக்கின்றன. மிச்சமிருக்கும் தண்ணீரையும் சர்க்கரை கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் கிருமிக்கு ஒரு சொட்டும் கிடைப்பதில்லை. உள்ளே விழுந்த கிருமியின் உடம்பிலிருக்கும் நீரையே தேன் உறிஞ்சிவிடும். (ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையும் இதேதான்.) போதாததற்குத் தேனில் புளிப்பு வேறு, இனிப்பு அதை மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை.

இது மட்டும்தான் காரணம் என்றால், தண்ணீர் விட்டுக் கரைத்ததும் தேனின் பலம் போய்விட வேண்டுமே? போகவில்லை. கரைத்த தேனும் கிருமிகளைத் தடுத்தது. 1937-ல் ஜெர்மனியில் டோல்ட் என்பவரும் சகாக்களும் இதை ஆராய்ந்து, உள்ளே இருக்கும் ஏதோ ஒன்றுக்கு 'இன்ஹிபின்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தாயிற்றே தவிர ஆள் யாரென்று தெரியாது! 1963-ல்தான் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஒயிட் குழுவினர் கண்டுபிடித்தார்கள்: அது ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆமாம், புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பொங்குமே, அதேதான். தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் ஒரு நொதி, கெட்டித் தேனில் ஏறக்குறைய சும்மா கிடக்கிறது. காயத்தின் ஈரம் பட்டுத் தேன் இளகியதும் வேலையைத் தொடங்கி, குளுக்கோஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெராக்சைடு தயாரிக்கிறது. எகிப்து வைத்தியர் நொதியைக் கண்டாரா? ஆனாலும் வைத்தது சரியான இடத்தில்தான்.

இனி அம்மாவின் கேள்வி. தேனில் கிருமி வளராது, உண்மை. ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற ஒரு கிருமியின் வித்துகள் அதில் சாகாமல் கிடக்கலாம். எங்கள் பாஷையில் டார்மன்ட் அக்கவுன்ட். வருஷக்கணக்கில் வரவு செலவு இருக்காது, மூடவும் பட்டிருக்காது. பெரியவர்கள் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தலையெடுக்க விடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சைக் கக்கினால் மலச்சிக்கல், பால் உறிஞ்ச முடியாமை, ஈனஸ்வரத்தில் அழுகை, உடம்பு துவண்டுபோவது என்று ஆகி, மூச்சுக்கே ஆபத்து வரலாம். வீட்டில் தேனைக் காய்ச்சினாலும் வித்து சாகாது. அமெரிக்காவில் இந்த நோயை இனங்கண்டதே 1976-ல்தான். அதற்குமுன் எந்தப் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும்? அபூர்வமான நோய்தான், ஆனால் நம் வீட்டுக் குழந்தையை வைத்தா சோதித்துப் பார்ப்பது?

காலையில் காபி குடிக்கும்போது இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் வெச்சேனே, நல்லாத்தானே இருக்கீங்க" என்றார்கள். நான் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் பேரனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டில் மூடியை இறுக்கித் தம்பி மனைவியிடம் நீட்டினார்கள்.

"மேல் ஷெல்ப்புல வெச்சிரு கண்ணு. மொத பொறந்த நாளுக்கு நானே வந்து வெக்கறேன். அதுதான் கெட்டுப் போகாதே."